பச்சை கூடிய கன்றுகள்

மகனே,

இந்தக் கடிதம் உன் மகள் மலர் கையில் வருகிறது. அவள் நீட்டியதும் பிரித்துவைத்துக்கொண்டு உட்காராதே. முதலில் அவளுக்குச் சோறு போடு. தலவாக்கலையில் ரயில் ஏறி, பொல்காவலையில் மாறி, வவுனியாவில் இறங்கி, அங்கிருந்து உன் காணிக்கு வந்து சேர அவளுக்கு ஒரு முழு நாள் ஆகியிருக்கும். பக்கத்து லயத்துக் குடும்பம் அந்தப் பக்கம் போகிறது, அவர்களோடு அனுப்பியிருக்கிறேன். வழிக்கென்று கட்டிக்கொடுத்த ரொட்டியை அவள் தின்றிருக்க மாட்டாள். என் கையால் சுட்ட ரொட்டி அது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அவள் அப்பாயி மேல் அத்தனை வெறுப்பு. அந்த வெறுப்பை ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துப் பார்த்து வளர்த்தவள் நான்தான். ஏன் வளர்த்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போன தடவை நீ அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒன்பதாம் நாள் திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவள் திரும்பி வரக் கூடாது.

ஏப்ரல் மாதம் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். பள்ளிக்கூட லீவு, வருஷப்பிறப்பு, புதுச்சட்டை என்று காரணமும் எழுதியிருந்தாய். உன் புத்திக்கு அது சரி. நான் டிசம்பரில் அனுப்புகிறேன். இப்போது அங்கே மழைக்காலம், வானம் மூடியிருக்கும், வெயில் ஒருவேளை வரும் ஒருவேளை வராது. ஏப்ரல் வெயில் அவள் தலையில் இறங்குவதற்குள் நான்கு மாதம் கிடைக்கும். கன்றை எந்த மாதம் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர இந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்புத்தான், ஆனால் தேயிலைத் தவறணையில் இருபத்தெட்டு வருஷம் கன்று வளர்த்தவள். என் கைபட்ட கன்றுகள் இங்கே நான்கு மலையில் செடியாக நிற்கின்றன. பெரிய துரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இதையெல்லாம் உனக்குத் திரும்பச் சொல்லக் காரணம், இனி நான் சொல்லப் போகிற பாவத்தை ஒரு தெரியாதவள் செய்தாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

நீ பத்தாம் வகுப்புப் படித்த வருஷத்தை நினைத்துப் பார். லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து விஞ்ஞானப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாய். நான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்பேன். ஒரு நாள் ஒளித்தொகுப்பு என்று ஒரு பாடம். அந்தச் சொல்லை நீ மூன்று தடவை சொன்னாய், நான் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன்.

"இலை சோறாக்குதும்மா. வெயிலுதான் அடுப்பு. தண்ணி வேர்ல இருந்து வருது. காத்து, இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாயி இருக்கு, அது வழியா உள்ள போவுது."

"அப்ப மரத்தடியில, வெயிலே படாத எடத்துல மொளைக்குதே, அது பட்டினியா கெடக்குமா?"

"அங்க உள்ள இலை வேற மாதிரி வளரும். அகலமா, மெல்லிசா. பச்சையையும் கூட்டிக்கும். கெடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாம புடிக்கணும்ல?"

"தூறல் தண்ணி புடிக்க அகலத் தாம்பாளம் வக்கிற மாதிரி."

"ஆமாம்மா. வெயில்ல வளர்ற இலை சின்னதா, தடிப்பா இருக்கும். பச்சை கொறைவா இருக்கும். அதுக்குப் பச்சை அம்புட்டு வேணாம்."

"அட போடா. பச்சை கொறைஞ்சா நோவுடா. ஒன் புஸ்தகத்த எழுதுன ஆளு எந்தத் தோட்டத்துல வேல செஞ்சாரு?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போது தவறணையில் இரண்டு பெரிய பாத்திகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று என்னுடையது, இன்னொன்று ராக்காயியுடையது. உன் மாமியார். ஒரு கணு, ஒரு இலை என்று வெட்டி, மண் நிரப்பிய பையில் நட்டு, மேலே பந்தல் போட்டுப் பெரணித் தழையால் மூடி வளர்ப்போம். அந்த ஒற்றை இலைக்குத் தாய் இலை என்று பேர். வேர் விடும்வரை, தளிர் வரும்வரை, முழுக் கன்றுக்கும் அந்த ஒரு இலைதான் சமைத்துப் போட வேண்டும். கன்று தேறியதும் பந்தல் தழையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். முதலில் காலை வெயில், பிறகு மாலை வெயில், கடைசியில் உச்சி வெயில். நடுவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் இதைச் செய்வது முறை. ராக்காயி முறைப்படி செய்தாள். அவள் கன்றுகளின் இலை சிறுத்தது, தடித்தது, லேசாக மஞ்சள் ஓடியது. பார்க்க அழகாக இல்லை. நான் பக்கத்துப் பாத்தியில் நின்று அதைப் பார்த்தேன். என் கன்றுகளை அப்படி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. தழையை விலக்கவில்லை. விலக்கினேன் என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கட்டு மேலே போட்டேன். என் கன்றுகள் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டு, கரும்பச்சையாக, எண்ணெய் பூசியது போல் நின்றன.

பெரிய துரை வந்தார். ராக்காயி பாத்தியைத் தாண்டி நேராக என் பாத்திக்கு வந்து நின்று, "இது கன்று" என்று கைத்தடியால் காட்டினார். கணக்கப்பிள்ளை பின்னாலிருந்து, "ராக்காயி, ஒன் கன்னுகளுக்குக் காமால வந்திருச்சா?" என்றார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன். ராக்காயி தலையைக் குனிந்துகொண்டு களை பிடுங்கினாள்.

இரண்டு பாத்திக் கன்றுகளும் கலந்து கூடையில் போய், புதிதாகத் திருத்திய மலையில் நடப்பட்டன. எட்டு நாள் மழை பெய்தது. ஒன்பதாம் நாள் வானம் வெளுத்தது. அந்த உயரத்தில் மூடுபனி இல்லாத வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், குளிர்ந்த காற்றுக்குள்ளிருந்து ஊசி மாதிரி இறங்கும். நான்கே நாளில் பாதிக் கன்றுகளின் இலை செம்பு நிறமாகி, பிறகு அடுப்பில் விழுந்த காகிதம் போல் சுருண்டது. நான் மலைக்குப் போய்ப் பார்த்தேன். செத்தவற்றின் இலை அகலம். நிற்பவற்றின் இலை சின்னது, தடித்தது, மஞ்சள் ஓடியது. குனிந்து பார்க்கத் தெரிந்த யாருக்கும் அது எழுதி ஒட்டியதுபோல் இருந்தது. துளி வெளிச்சத்துக்குப் பழகிய தாம்பாளத்தில் ஒரேயடியாக நெருப்பைக் கொட்டினால் அது சமைக்குமா, கருகுமா? பச்சை கூடியது செழிப்பு இல்லை, மகனே. அது பசி. நான் ஒரு பாத்தி முழுக்கப் பசியை வளர்த்துவைத்து அதற்குத் துரையிடம் பாராட்டு வாங்கியிருந்தேன்.

மறுநாள் பெரட்டில், ஆள்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் அந்த விடிகாலையிலேயே, விசாரணை வந்தது.

"யாரு பாத்திக் கன்னு இது?" என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.

மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் நான் பேசினேன். "தொரையே வந்து பாத்தாருங்களே ஐயா. மஞ்சப் பூத்து நின்னது யாரு பாத்தின்னு தோட்டத்துக்கே தெரியும்."

"ஐயா, மலைக்கு வந்து பாருங்கய்யா. நிக்கிறது எந்த இலை, செத்தது எந்த இலைன்னு நீங்களே பாருங்க" என்றாள் ராக்காயி.

"நீ எனக்கு இலை காட்டித் தர்றியா? வாயப் பொத்து."

மாலை நீ மலையைச் சுற்றிக்கொண்டு வந்தாய். அடுப்பு முன்னால் வந்து நின்று, "அம்மா, செத்தது ஒன்னோட கன்னு" என்றாய். புத்தகத்தையும் கையில் வைத்திருந்தாய். நான் அடுப்பிலிருந்து எரியாத சுள்ளி ஒன்றை எடுத்து உன் முழங்கையில் அடித்தேன். "யாருகிட்டயாச்சும் சொன்ன, பள்ளிக்கூடத்துக்குப் போற கால ஒடிச்சிருவேன்" என்றேன். நீ யாரிடமும் சொல்லவில்லை. பதினாறு வயது ஆண்பிள்ளை. ராக்காயி பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டினார்கள். அவள் மகள் பாக்கியம் உன்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். நீ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அடி வலித்ததால் பேசாமல் இருந்தாய் என்று நான் நினைக்கவில்லை. உனக்கு நிழல் வேண்டியிருந்தது. நான் காலையில் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணீர், நான் வெட்டி வரும் விறகு, நான் சுமக்கும் தண்ணீர். உன்னை ஒரு குடம் தூக்க விட்டதில்லை நான். என் மகன் படிக்கிறான் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீயும் என் பாத்திக் கன்றுதான். அகல இலை, கரும்பச்சை.

பாணுக்கும் மாவுக்கும் விடிகாலையிலேயே வரிசையில் நின்ற அந்தப் பஞ்ச வருஷத்தில் ராக்காயி மகளோடு வவுனியாப் பக்கம் காடு வெட்டப் போனாள். போகும் முன் தண்ணீர்ப் பீலியில் என்னைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நான் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள், "வர்றேன்க்கா. ஒங்க கன்னு நெசமாவே அழகா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். இப்போதும் பீலியில் தண்ணீர் விழும் சத்தத்தோடு அந்தச் சொல் எனக்குக் கேட்கிறது. அவள் ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த வருஷம் நீ பாக்கியத்தைத் தேடிப் போனாய். கட்டிக்கொண்டேன் என்று கடிதம் எழுதினாய். நான் பதில் எழுதவில்லை. லயத்தில் என்னென்னவோ காரணம் சொன்னேன். ராக்காயி மகள் சோறு போட்டு என் மகன் தின்கிறான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை, அதுதான் உண்மை. உன் முதல் இரண்டு வருஷக் கடிதங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வெயில் தாங்கவில்லை அம்மா, கையெல்லாம் கொப்பளம் அம்மா, தண்ணீர் உப்புக் கரிக்கிறது அம்மா. பக்கத்துக்குப் பத்து அம்மா. கிணற்றை யார் வெட்டியது என்று ஒரு கடிதத்திலும் நீ எழுதவில்லை. வந்து போனவர்கள் சொன்னார்கள், ராக்காயியும் பாக்கியமும் வெட்டினார்களாம், நீ மேலே நின்று கயிறு பிடித்தாயாம். நான் அதைக் கேட்டு வெட்கப்படவில்லை. என் மகன் கை அப்படியே மெல்லிசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பார்த்துக்கொள், நான் எப்படிப்பட்டவள் என்று.

மூன்றாம் வருஷம் உன் எழுத்து மாறியது. அம்மா குறைந்தது, பயிர் கூடியது. விவசாயப் போதனாசிரியர் வந்து வகுப்பு எடுத்தார் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தாய். அந்த ஊர் வெயிலில் செடி எப்படிப் பிழைக்கிறது என்று. உச்சி வெயிலில் இலை தன் சின்ன வாய்களை மூடிக்கொள்ளுமாம், தண்ணீர் போகாமல் இருக்க. ஆனால் வாயை மூடினால் காற்று உள்ளே போகாது, சமையலும் நின்றுவிடும். தாகமா, பசியா, எதைப் பொறுப்பது என்று இலை மதியத்துக்கு மதியம் முடிவு செய்ய வேண்டும். சோளமும் குரக்கனும் கெட்டிக்காரப் பயிர்கள், வாயைக் கொஞ்சமாகத் திறந்தே வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும். நாகதாளிக் கள்ளி இன்னும் மோசம், பகல் முழுக்க வாயே திறக்காது, பொழுது சாய்ந்த பிறகு காற்றை இழுத்துச் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சமைக்கும். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். உன் பெண்சாதியும் பகலில் வாய் திறக்காதவள்தானே. நீ அப்போது ஒரு வரி எழுதியிருந்தாய், நினைவிருக்கிறதா? நிழலில் விட்ட இலை வெயிலுக்கு வந்ததும் தடிப்பதில்லை அம்மா, அது கருகி விழுகிறது, வெயிலில் புதிதாக விடும் இலைதான் தடித்து வருகிறது என்று. தவறணையில் நான் கண்ணால் கண்டதுதான். ஆனால் அதை நீ உன்னைப் பற்றி எழுதினாய் என்று எனக்குப் புரிந்தது. நான் விட்ட இலையெல்லாம் உன்மேல் விழுந்து முடிந்துவிட்டது. அன்றைக்கு உன்னை இழந்தேன். வேறொரு கன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மலருக்கு மூன்று வயதில் மலேரியா வந்து, ஈர்க்குச்சியாக அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாய். உடம்பு தேறும்வரை குளிரில் இருக்கட்டும் என்றாய். இரண்டு மாதத்தில் தேறினாள். இன்னும் தேறவில்லை என்று எழுதினேன். அடுத்த வருஷம் சளி என்று எழுதினேன், அதற்கடுத்த வருஷம் பள்ளிக்கூடம் என்று. லிந்துலையில் வாங்கிய சிவப்புக் கம்பளிச் சட்டையைப் போட்டு, தலைக்குத் தொப்பி மாட்டி, மழையில்லாத நாளிலும் குடை பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். பாத்தியில் நான் போட்ட தழையெல்லாம் அவள்மேல் போட்டேன். ரோஜாப்பூ நிறத்தில் கன்னம். "தொரை வீட்டுப் புள்ள மாதிரி இருக்கா" என்று பெண்கள் சொல்லும்போது எனக்கு அந்தப் பழைய கைத்தடி நினைவுக்கு வரும்.

பிறகு, ஆகஸ்ட் லீவுக்கு அனுப்பு, ஒரு மாதம் இருக்கட்டும், பிடித்தால் இங்கேயே சேர்த்துவிடுகிறேன் என்று எழுதினாய். ஆகஸ்டுக்கு மூன்று மாதம் இருந்தது. இதைக் கவனமாகப் படி. மூன்று மாதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தழையை விலக்க வேண்டிய கணக்கான காலம் அது. நான் விலக்கவில்லை. கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொன்று போட்டேன். மதியத்தில் வாசலுக்கு விடவில்லை. விளையாட விடவில்லை. குடிக்க வெந்நீர்தான். எந்தக் கன்று வெளியே வைத்தால் கருகும் என்று இந்த மலையில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. அப்படி ஒரு கன்றை என் கையால் தயார் செய்து, சீவிச் சிங்காரித்து, உன்னிடம் கொடுத்தேன். முதல் தடவை செய்தது தவறு. இரண்டாம் தடவை செய்தது தவறு இல்லை, அதற்கு வேறு பேர்.

மூன்றாம் நாள் உன் வீட்டு முற்றத்தில் மூக்கில் ரத்தம் வழிந்து விழுந்தாள். ஒன்பதாம் நாள் என் வாசலில் வந்து நின்றாள். அடுத்த காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "ஒங்க பேத்தி ஒங்கள விட்டு இருக்க மாட்டா பெரியம்மா" என்றாள். எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது பார், அதை எழுத எனக்குக் கை வரவில்லை. மறுநாள் அவளைக் குளிப்பாட்டினேன். பிடரியில் தோல் உரிந்து, கருகிய இலை ஓரம் போல் சுருண்டு நின்றது. தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"ஒங்கம்மா என்னா செஞ்சா? பாத்துக்கிட்டு நின்னாளா?"

"இல்ல அப்பாயி. ஈரத்துணி போட்டுக்கிட்டே இருந்தாங்க. மொறத்தால விசிறிக்கிட்டே இருந்தாங்க."

"என்னா சொன்னா என்னைப் பத்தி?"

"ஒன்னும் சொல்லல. 'நீ அப்பாயிகிட்டயே போயிரு தங்கம், இங்க இருந்தா வாடிப்போயிருவ'ன்னு சொன்னாங்க. அப்புறம் கெணத்தடிக்குப் போயிட்டாங்க."

பெற்றவள் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று பிள்ளையையே விட்டுக்கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதிருக்கிறாள். ராக்காயி மகள் வேறு என்ன செய்வாள்? நான் கையில் சொம்போடு அப்படியே நின்றேன். "குளுருது அப்பாயி" என்று பிள்ளை கத்திய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

அன்றைக்குத் தொடங்கினேன். கம்பளிச் சட்டை இரண்டையும், வேலைக்காரிகள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைக்காரிகளுக்குக் கொடுத்தேன். குடையின் கம்பியை அவள் கண் முன்னால் முறித்தேன். முதல் வாரம் எனக்கே அவசரம் வந்துவிட்டது. உச்சி வெயிலில் மலைக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னேன், வழியில் வாந்தி எடுத்தாள். இத்தனை வருஷம் வேலை செய்தும் கை அவசரப்பட்டதே என்று என்னையே ஏசிக்கொண்டேன். பிறகு முறைப்படி போனேன். முதலில் காலை வெயில், செருப்பில்லாமல். பிறகு மாலை வெயில், பீலியிலிருந்து அரைக் குடம். பனி தெளிந்த மாசி மாதத்தில்தான் உச்சி வெயில், அதுவும் என் பாத்திக்குப் பக்கத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அழுதாள். பார்க்காதவள் போல் திரும்பிக்கொண்டேன். உள்ளங்கையைக் காட்டினாள். "கொப்பளம் ஒடஞ்சா காஞ்சிரும், போ" என்றேன்.

லயத்தில் என்னைப் பேசாதவர்கள் இல்லை. "கெழவிக்குப் பித்தா? பேத்திய வேலைக்காரியாக்கி வச்சிருக்கு" என்றார்கள். ஒருத்தி நேராகவே வந்து, "பெரியம்மா, நாலு நாளு ரொட்டி கேட்டா நாங்க போட மாட்டமா? ஏன் அந்தப் பச்சப் புள்ளய வெயில்ல போட்டு வதைக்கிறீங்க?" என்று கேட்டாள். "ஒன் வேலயப் பாருடி" என்றேன். நல்ல பேர் எடுத்தே பழகிய எனக்கு இதுவும் ஒரு வெயில்தான்.

அதோடு முடியவில்லை. வெயிலுக்கு உடம்பு பழகினால் போதுமா? மனம் இங்கேயே கிடந்தால், அங்கே முதல் காய்ச்சலில் அப்பாயி என்று அழுவாள், நீ உடனே தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவாய். அதனால் என்னையும் அவளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். முதலில் ஒரே தட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். பிறகு பாயைத் தனியாக விரிக்கச் சொன்னேன். கதை கேட்டால் தலைவலி என்றேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்து காட்டினாள், சரி, வை என்றேன். ஒரு நாள் கேட்டாள்.

"அப்பாயி, நான் என்னா செஞ்சேன்?"

"ஒன்னும் செய்யல."

"அப்ப ஏன் என்னைப் புடிக்கல?"

"ஒங்கப்பன் இருக்கான்ல. அங்க போயிக் கேளு."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு, "நீ அப்பாயி இல்ல, பேயி. நான் எங்கம்மாகிட்ட போறேன்" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள். எங்கம்மா. நான்கு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான். நான் அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். கருகியிருந்தது.

இப்போது அவளைப் பார். கறுத்திருக்கிறாள். ரோஜாக் கன்னம் போயிற்று, கை தடித்திருக்கிறது, காலில் வெடிப்பு. என்ன அம்மா பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டாய் என்று நீ நினைப்பாய். குனிந்து பார்க்கத் தெரியாதவன் அப்படித்தான் நினைப்பான். பாக்கியம் பார்த்ததும் கண்டுகொள்வாள், அவள் தாய் வளர்த்த பாத்தியைப் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு இந்தக் கடிதத்தில் பெரட்டு நடந்த பகுதியைப் படித்துக் காட்டு. நீ இத்தனை வருஷம் அவளோடு சேர்ந்து வாழ்ந்தும் அதைச் சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ராக்காயி கண்ணை மூடும்வரை மஞ்சள் கன்று வளர்த்தவள் என்ற பேரோடுதான் மூடினாள். நான் சொல்ல வேண்டியதை நான் எழுதிவிட்டேன். உன் முழங்கையில் விழுந்த சுள்ளியைச் சாக்கு வைத்து நீ இன்னும் எத்தனை நாள் ஒளிந்திருப்பாய்? பாக்கியம் காகிதத்தைக் கிழித்தால் கிழிக்கட்டும். உன்னை வெளியே தள்ளினால் வெளியே நில். அங்கே வெயில் நன்றாக அடிக்கும்.

நீயும் வந்துவிடு அம்மா, ஒரு தனிக் குடிசை போட்டுத் தருகிறேன் என்று எழுதியிருந்தாய். வர மாட்டேன். நான் இந்த மூடுபனியில் விட்ட இலை. என்னைத் தூக்கி அங்கே வைத்தால் கருகுவேன், அதுகூடப் பெரிதில்லை. நான் அங்கே வந்தால் அவள் மறுபடியும் என் நிழலுக்கு வருவாள். என் கையை எனக்குத் தெரியும். தழை கண்டால் எடுத்து மூடும்.

நாளைக் காலை தலவாக்கலை ஸ்டேஷனில் அவளைப் பெட்டியில் ஏற்றுவேன். ஜன்னல் ஓரம் உட்காருவாள். ரயில் நகரும்போது திரும்பிப் பார்ப்பாளோ என்று தூணுக்குப் பின்னால் மறைந்து நிற்பேன். பார்க்க மாட்டாள். கன்றில் புதுத் தளிர் இரண்டு மூன்று தடித்து வந்தபின் தாய் இலையை யாரும் பிடுங்க வேண்டியதில்லை, தானாகப் பழுத்து விழும். தாய் இலை விழுந்த கன்றைப் பார்த்தால், இனி இதை எங்கே வேண்டுமானாலும் நடலாம் என்று ராக்காயி சொல்வாள். அவள் சொன்னபடி ஒரு கன்றாவது வளர்த்துவிட்டேன்.

அவள் என்னைப் பற்றி நிறையச் சொல்வாள். குடையை முறித்ததைச் சொல்வாள், வெயிலில் விட்டதைச் சொல்வாள், தனிப் பாயைச் சொல்வாள். எல்லாம் உண்மை, ஒன்றையும் மறுக்காதே. அப்பாயி உன் நல்லதுக்குத்தான் செய்தாள் என்று ஒரு நாளும் சொல்லிவிடாதே. நான் செத்த பிறகும் சொல்லாதே. சொன்னால் இந்தப் பக்கம் திரும்புவாள்.

முதலில் அவளுக்குச் சோறு போடு என்று எழுதினேனே, போட்டாயா? போட்டிருக்க மாட்டாய். வாங்கியதும் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எழுந்திரு. காலையிலிருந்து அவள் ஒன்றும் தின்னவில்லை.